ஆட்டுக் குரல்வளையும் ஊதா விளக்கும்: மூச்சுக்குழாய்ப் பயிற்சிக்கூடத்துக்குள் ஓர் எட்டு!

ஏர்வே பயிற்சி நடக்கும் நாளென்றால் கறிக்கடை பாயிடம் முதல்நாள் சாயங்காலமே சொல்லிவைத்துவிட வேண்டும். "குரல்வளையோட சேர்த்து மூச்சுக்குழாய் முழுசா வேணும் பாய், நடுவுல வெட்டிடாதீங்க." முதல் தடவை கேட்கிறவர் ஏற இறங்கப் பார்ப்பார். "டாக்டர் பிள்ளைங்க படிக்கிறதுக்கு" என்று சொன்னால் போதும், கழுவித் துடைத்துத் தனிப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆமாம்! மூச்சுத் திணறிக் கிடக்கும் ஒருவரின் கழுத்தில் சரியான இடம் பார்த்துக் கத்தி வைக்கப்போகிற இளம் மருத்துவரின் கை, முதன்முதலில் பழகியது ஓர் ஆட்டின் தொண்டையாக இருக்கலாம். மருத்துவமனைகளில் எத்தனையோ அறைகள் உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த அறை இதுதான். வாருங்கள், செருப்பை இங்கேயே விடுங்கள், உள்ளே போகலாம்!

நாம் போவது கொரோனா காலத்து அறைக்குள். சாதாரண நாட்களில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடக் கற்றுக்கொள்கிற இடம் ஆபரேஷன் தியேட்டர். நோயாளி வெறும் வயிற்றோடு, பரிசோதனையெல்லாம் முடிந்து, அமைதியாகப் படுத்திருப்பார். பக்கத்தில் அனுபவசாலியான மயக்கவியல் மருத்துவர் நிற்பார். பி.ஜி. மாணவர் தடுமாறினால் அவர் கை உடனே வந்துவிடும். 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த வாசல் அடைபட்டது. தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகளெல்லாம் தள்ளிப்போயின. கூடவே ஒரு புது விதியும் வந்தது: கொரோனா நோயாளிக்கு டியூப் போடுவதை அங்கிருப்பவர்களில் கைதேர்ந்தவரே செய்ய வேண்டும், முதல் முயற்சியிலேயே உள்ளே போக வேண்டும், அறைக்குள் அத்தியாவசியமானவர்கள் மட்டுமே இருக்க வேண்டும். விதி நியாயமானதுதான். 2003 சார்ஸ் பரவலின்போது டியூப் போட்ட மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் என்று, அந்தக் கால ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை சொன்னது. அந்த எண் 2020இல் எல்லார் மண்டையிலும் உட்கார்ந்திருந்தது.

சரி, கைதேர்ந்தவர் மட்டுமே செய்வார் என்றால் புதியவர் கைதேர்வது எப்போது? ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் ஒருவரின் சேச்சுரேஷன், அதாவது ரத்த ஆக்ஸிஜன் அளவு, சரியும்போது, அந்த மூத்தவர் கவச உடையை மாட்டிக்கொண்டு வந்துசேரும்வரை தலைமாட்டில் நிற்கப்போவது யார்? ஜூனியர்தான்! அந்த ஜூனியர் எந்தத் துறை என்பதும் நிச்சயமில்லை. தோல் மருத்துவம் படிக்க வந்தவர், கண் மருத்துவம் படிக்க வந்தவர், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தவர் என்று இந்தியா முழுக்க எல்லாத் துறை பி.ஜி.க்களும் கோவிட் வார்டுக்கு வந்தார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் நடுவே, கோவிட் பணிக்கு மருத்துவர்கள் கிடைக்கட்டும் என்று நீட் பி.ஜி. தேர்வைக் குறைந்தது நான்கு மாதம் தள்ளிவைத்தது மத்திய அரசு. ஹவுஸ் சர்ஜன்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணிக்கு அனுப்பவும் முடிவாயிற்று. ஆகவே, நாம் பார்க்கவந்திருக்கும் இந்த அறை திடீரென்று மருத்துவமனையின் நாடித்துடிப்பாகிவிட்டது.

முதல் மேசையைப் பாருங்கள்! கழுத்துவரை மட்டும் உள்ள பிளாஸ்டிக் தலை, அண்ணாந்து வாய் பிளந்து கிடக்கிறது. தோல் மருத்துவப் பி.ஜி. ஒருவர், குரல்வளையைப் பார்க்கும் கருவியான லேரிங்கோஸ்கோப்பை வலக்கையில் எடுக்கிறார். "இடது கை, டாக்டர்!" என்று மூலையிலிருந்து குரல் வருகிறது. யாராக இருந்தாலும், எந்தக் கைப்பழக்கமாக இருந்தாலும், ஸ்கோப் இடக்கையில்தான். டியூப் வலக்கையில். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் மேக்கின்டாஷ் 1943இல் வெளியிட்ட அந்த வளைந்த பிளேடின் வடிவமே அப்படி: வாயின் வலப்பக்கமாக நுழைந்து நாக்கை இடப்பக்கம் ஒதுக்கும். எண்பது வருடமாகிறது, வளைவு இன்னும் அதேதான்.

புதியவர்கள் எல்லாரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. ஸ்கோப்பைத் தூக்குவதற்குப் பதில், மேல்வரிசைப் பல்லில் ஊன்றி நெம்புவார்கள். பல்லில் அழுத்தம் கூடினால் 'டக்' என்று சத்தம் கேட்கும்படி சில பொம்மைகளைச் செய்திருக்கிறார்கள். அறையில் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லார் தலையும் திரும்பும். சத்தம் போட்டவர் காது சிவக்க மறுபடி முயல்வார். ஒரு கட்டத்தில் மணிக்கட்டு நிமிர்ந்து, தோளிலிருந்து விசை வந்து, கைப்பிடி எதிர்ச்சுவரின் மேல்மூலையை நோக்கி எழும். குரல்வளை மூடி மெல்ல உயர, அதன் அடியில் வெள்ளையாக இரண்டு குரல்நாண்கள்! "தெரியுது சார், தெரியுது!" அந்தக் கத்தலைக் கேட்கவே இந்த அறைக்கு ஆயிரம் தடவை வரலாம்.

நிமிர்ந்து பக்கத்து மேசையில் முழு உருவத்தோடு படுத்திருக்கும் பொம்மையின் முகத்தைக் கவனியுங்கள். மூடிய கண்கள், உதட்டோரம் லேசான முறுவல். ரெசஸ்ஸி ஆன் என்று பெயர். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஓஸ்மண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையைப் பழகுவதற்காக 1960இல் கொண்டுவந்தது. பீட்டர் சஃபார், பியார்ன் லிண்ட் என்ற இரண்டு மயக்கவியல் மருத்துவர்கள் அவரைத் தூண்டினார்கள். முகம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில், சேன் நதியில் மூழ்கி இறந்த அடையாளம் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் அச்சு. அந்த அச்சின் பிரதி ஒன்று லேர்டாலின் குடும்பத்தார் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் முகத்தின்மேல் குனிந்து உலகம் முழுக்க எத்தனை கோடிப் பேர் உயிர் காக்கக் கற்றிருக்கிறார்கள்! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மெய் சிலிர்க்கும்.

கொரோனா வந்ததும், அந்தப் பொம்மையின் வாயில் வாய் வைக்கிற பழக்கம் நின்றது. பையும் முகமூடியும்தான். அதிலும் ஒரு கையால் முகமூடியை அமுக்கி மறுகையால் பையை அழுத்தும் பழைய பாணியைக் கைவிடச் சொன்னார்கள். முகமூடியின் ஓரம் கசிந்தால் கிருமி வெளியேறும். ஆகவே ஒருவர் இரண்டு கையாலும் முகமூடியை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்த வேண்டும். இடையில் வடிகட்டி கட்டாயம். கண் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் ஜோடி சேர்ந்து, "இறுக்கிப் புடிங்க... இப்ப அழுத்தறேன்... நெஞ்சு ஏறுது பாருங்க!" என்று செய்வதைப் பார்த்தால் கூட்டுக் கலைஞர்கள் மாதிரி இருக்கும்.

இந்தப் பையைப் பிடித்துக்கொண்டே 1952ஆம் வருடத்துக் கோபன்ஹேகனுக்கு ஒரு நிமிடம் போய்வருவோம், கட்டாயம் போக வேண்டும்! போலியோ கொள்ளைநோய் அந்த ஊரைப் புரட்டிப்போட்டிருந்த காலம். பிளெக்டாம் மருத்துவமனைக்கு உச்சக்கட்டத்தில் ஒரே நாளில் ஐம்பது பேர்வரை வந்தார்கள். அவர்களில் பலருக்கு மூச்சுத்தசை செயலிழந்திருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பில் மாட்டும் கருவிகள் ஆறும். மூச்சுத்தசை முடங்கியவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியார்ன் இப்சன் அழைக்கப்பட்டார். ஆகஸ்ட் 27 அன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, டியூப் போட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தியே அவளுக்கு மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். சரி, மற்றவர்களுக்கு யார் பை அழுத்துவது? இயந்திரம் இல்லை. மாணவர்கள் இருந்தார்கள்! ஏறக்குறைய 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள், முறைவைத்து, இரவு பகலாக, ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள்வரை கையாலேயே மூச்சூட்டினார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்கு. மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வதன் முளை அதுதான். அதே டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் என்ற மருத்துவரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் சேர்ந்து, தானாக உப்பிக்கொள்ளும் பையை உருவாக்கினார்கள். 1956இல் சந்தைக்கு வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆயா அக்காவரை எல்லாரும் 'அம்பு பேக்' என்று சொல்கிறார்களே, அதே பைதான்! நம் எலும்பு மருத்துவரின் கையில் இப்போது இருப்பதும் அதுவே.

திரும்பி வந்துவிட்டோம். இனி ரொம்ப ரகசியமான இடம்: பயிற்சியாளர் உட்காரும் மறைவிடம். கையில் டேப்லெட். மானிட்டரில் ஓடும் எண்களெல்லாம் அவர் விரல் நுனியில். ஆரோக்கியமான ஒருவருக்கு நன்றாக ஆக்ஸிஜன் கொடுத்து நிரப்பிவிட்டு மூச்சை நிறுத்தினால், சேச்சுரேஷன் 90க்கு இறங்கச் சுமார் எட்டு நிமிடம்வரை ஆகலாம். கொரோனா தின்ற நுரையீரலுக்கு அந்தச் சேமிப்பே கிடையாது, ஒரு நிமிடத்துக்குள்கூடச் சரிந்துவிடும். ஆகவே ஜூனியர் ஸ்கோப்பை வாய்க்குள் வைத்த மாத்திரத்தில் இவர் விரலை நகர்த்துவார். 94. 90. 85. எண்ணைப் பார்க்கக்கூட வேண்டாம், பீப் ஒலியின் சுருதியே படிப்படியாக இறங்கும். அந்த இறங்குசுருதி காதில் விழுந்ததும் உள்ளங்கை வேர்க்காத மருத்துவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பயிற்சியாளரின் குறும்புகள் இன்னும் இருக்கின்றன! ஸ்கோப்பில் தீர்ந்துபோன பேட்டரியைப் போட்டுவைப்பார். உறிஞ்சு குழாயின் இணைப்பைக் கழற்றிவைப்பார். விலை உயர்ந்த பொம்மையென்றால் நாக்கையே வீங்கவைத்துவிடலாம். "டியூப் போட எவ்வளவு நேரமாச்சு?" என்று கடைசியில் கேட்டால், "இருபது செகண்ட் இருக்கும் சார்" என்பார் ஜூனியர். ஸ்டாப் வாட்ச்சைத் திருப்பிக் காட்டுவார் பயிற்சியாளர். ஒரு நிமிடத்தைத் தாண்டியிருக்கும். கவனம் முழுக்க வாய்க்குள் போய்விட்டால் கடிகாரம் மறைந்துவிடுகிறது. அதனாலேயே அணியில் ஒருவருக்கு ஒரே வேலை: நேரத்தையும் சேச்சுரேஷனையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பது.

கவச உடை மாட்டிக்கொண்டு பேசிப்பார்த்திருக்கிறீர்களா? என்-95, அதன்மேல் முகத்திரை. கண்ணாடியில் ஆவி படியும். "அட்ரினலின்" என்றால் "அட்ரோபின்" என்று காதில் விழலாம். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்க வழியில்லை. ஆகவே டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதை வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடின் அலைக்கோட்டை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அலை எழுந்தால் மூச்சுக்குழாய், படுத்தே கிடந்தால் உணவுக்குழாய்க்குள் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வெளியே இழு. யார் யாரென்று தெரியாததால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயர். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம். "ராக்குரோனியம் எண்பது மில்லிகிராம்." "ராக்குரோனியம் எண்பது, போடறேன்." "போட்டாச்சு." வெட்கப்படாமல் கத்த வேண்டும். மெதுவாகப் பேசியே வளர்ந்த பிள்ளைகள் அடிவயிற்றிலிருந்து குரல் எடுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஓரத்தில் கிடக்கும் அந்தக் கண்ணாடி மாதிரிப் பெட்டியை விட்டுவிடப் பார்த்தேனே! தைவானின் ஹுவாலியெனில் லாய் ஷியென்-யுங் என்ற மயக்கவியல் மருத்துவர், நோயாளியின் தலையை மூடும் ஒளிபுகும் பெட்டியை வடிவமைத்து, கை நுழைக்க இரண்டு துளை வைத்து, 2020 மார்ச்சில் வரைபடத்தை உலகுக்கே இலவசமாகக் கொடுத்தார். எப்பேர்ப்பட்ட மனசு! பாஸ்டனில் சிலர் பொம்மையின் தொண்டைக்குள் ஒளிரும் சாயம் நிரப்பிய பலூனை வெடிக்கவைத்து, 'இருமல்' பெட்டிக்குள்ளேயே அடங்குவதைக் காட்டினார்கள். உலகமே பெட்டி செய்ய ஆரம்பித்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் பொம்மையை வைத்து மருத்துவர்களே மறுபடி மறுபடி டியூப் போட்டுப் பார்த்தபோது, பெட்டிக்குள் கை சிக்கி நேரம் கூடியது, கவச உடையே கிழிந்தது. 2020 ஆகஸ்டில், காற்றை உறிஞ்சும் வசதி இல்லாத பெட்டிகளுக்குத் தந்த அவசர அனுமதியை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் திரும்பப் பெற்றது. நல்ல யோசனையின் குறை, ஒரு நோயாளியின் தொண்டையில் தெரியவராமல் பிளாஸ்டிக் தொண்டையிலேயே தெரியவந்ததே, அதற்காகவே இந்த அறைகளுக்கு மாலை போடலாம்.

இப்போது ஆட்டின் முறை! கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு ஜோடி. கொரோனா வார்டில் விரலின் உணர்ச்சி பாதியாகத்தான் இருக்கும், இங்கேயும் அப்படியே பழக வேண்டும். தட்டில் குரல்வளை, மேலே தோலுக்குப் பதிலாக ஒட்டிய அகலப் பிளாஸ்டர். சில இடங்களில் கோழித்தோலைப் போர்த்தி, அடியில் சிவப்புச் சாயம் நிரப்பிய சிறு பையை ஒளித்துவைப்பார்கள்.

வாய்வழி டியூப் போகவில்லை, முகமூடியாலும் காற்று போகவில்லை என்றால் மிச்சமிருக்கும் ஒரே வழி கழுத்தின் முன்பக்கம். உங்கள் கழுத்திலேயே தேடிப்பாருங்கள். குரல்வளைப் புடைப்பில் விரலை வைத்து நேரே கீழே வழுக்குங்கள். ஒரு சின்னப் பள்ளம், அதற்குக் கீழே கெட்டியான வளையம். அந்தப் பள்ளத்தில் இருக்கும் மெல்லிய சவ்வுதான் வாசல். உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவே. பிரிட்டனில் 2011இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், அவசரத்தில் ஊசிக்குழாய் குத்திச் செய்த முயற்சிகளில் சுமார் அறுபது சதவீதம் தோற்றிருந்தன. கத்தியால் செய்தவை ஏறக்குறைய எல்லாம் பலித்தன. அங்குள்ள கடின மூச்சுவழிச் சங்கம் 2015இல் சொன்ன முறை உலகெங்கும் பரவலாகக் கற்றுத்தரப்பட்டது. குறுக்காக ஒரு குத்து. கத்தியின் கூர்ப்பக்கம் காலைப் பார்க்கும்படி ஒரு திருப்பு. கத்தியை ஒட்டியே பூஜியை, அதாவது வழிகாட்டும் மெல்லிய குச்சியை, உள்ளே தள்ளு. அதன்மேல் ஆறாம் எண் டியூப்.

கைக்கு இது எளிது. இரண்டாம் ஆடு முடிவதற்குள் கண் மருத்துவர் அழகாகச் செய்துவிடுகிறார். "இதுதானா சார்?" என்று கண் விரியச் சிரிக்கிறார். கடினமானது வேறு: 'வேறு வழியில்லை' என்று வாய்விட்டுச் சொல்வது. உயிரோடிருக்கும் மனிதரின் கழுத்தில் கத்தி வைக்க எந்த நல்ல மருத்துவருக்கும் கை தயங்கும். இன்னும் ஒரே ஒரு முறை ஸ்கோப்பால் பார்க்கலாமே என்று மனசு கெஞ்சும். 2005இல் இங்கிலாந்தில் இலேன் பிரோமிலி என்ற பெண்மணிக்கு, சைனஸ் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தபின் நேர்ந்தது அதுதான். அனுபவம் மிக்க மருத்துவர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே மூழ்கிப்போனார்கள். நிலைமையைப் புரிந்துகொண்ட செவிலியர் ஒருவர் கழுத்தில் துளையிடும் உபகரணங்களைக் கொண்டுவந்தும், அது அவர்கள் மனதில் ஏறவில்லை. சில நாட்களில் இலேன் இறந்தார். விமானியான அவர் கணவர் மார்ட்டின் பிரோமிலி, விமான அறையில் துணைவிமானி தைரியமாகக் குரல் கொடுக்கப் பழக்குவதைப் போல ஆபரேஷன் தியேட்டரிலும் பழக்க வேண்டும் என்று ஓர் அமைப்பையே தொடங்கி ஊர் ஊராகப் பேசினார். இந்த அறையின் நடைமுறையில் அந்தக் குடும்பத்தின் துயரம் கலந்திருக்கிறது. அதனால்தான் இங்கே ஸ்டாஃப் நர்ஸும் சேர்ந்தே பயிற்சி எடுக்கிறார். "டாக்டர், இரண்டு முயற்சி முடிஞ்சது, சேச்சுரேஷன் எழுபது, கழுத்து செட் திறந்துட்டேன்" என்று அவர் சொல்லியே ஆக வேண்டும், பேராசிரியரே நின்றாலும்! முதல் தடவை அந்த வாக்கியம் பாதியில் நிற்கும். மறுபடி செய்யச் சொல்வார்கள். மூன்றாம் தடவை அறை அதிரும். நான் கைதட்டிவிட்டேன்.

கடைசிச் சுற்று, எனக்கு ரொம்பப் பிடித்தது! பயிற்சி தொடங்கும் முன்பே, யாருக்கும் தெரியாமல், பொம்மையின் முகத்திலும் வாயிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒளிர்பொடியைத் தூவிவைத்திருக்கிறார் பயிற்சியாளர். டியூப் போட்டு முடித்து, வியர்வையில் நனைந்து, கவச உடையை வரிசைப்படி கழற்றிவிட்டு வருகிறார்கள். வெளிக்கையுறை, அங்கி, கை சுத்தம், முகத்திரை, மறுபடி கை சுத்தம், கடைசியில் முகக்கவசம். "எல்லாம் சரியாப் பண்ணிட்டோம்" என்று நிம்மதியாக நிற்கிறபோது விளக்கை அணைத்து ஊதா டார்ச்சை அடிப்பார் பாருங்கள்! தோல் மருத்துவரின் காதோரத்தில் ஒரு பச்சைத் தீற்றல். எலும்பு மருத்துவரின் கழுத்தில் ஐந்து விரலும் அச்சாக! "ஐயோ, அரிச்சுது சார், லேசா தொட்டேன்" என்கிறார் அவர். கூடமே சிரிக்கிறது.

இன்னொரு சேதியும் 2020ஆம் வருடமே வந்துவிட்டது. பிரிஸ்டலில் ஆபரேஷன் தியேட்டரின் காற்றிலிருந்த நுண்துளிகளை அளந்தவர்கள், மயக்கத்தில் இருப்பவருக்கு டியூப் போடும்போது எழும் துளிகள், ஒரே ஒரு இருமலில் எழுவதைவிட மிக மிகக் குறைவு என்று கண்டார்கள். ஆக, மனிதர்கள் இருமிக்கொண்டே கிடக்கும் சாதாரண வார்டும் லேசுப்பட்டதில்லை, கழற்றும் பழக்கம் அங்கேயும் வேண்டும்!

எலும்பு மருத்துவர் காத்திருக்கவில்லை. கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, புது அங்கி ஒன்றை உருவி எடுத்து, "இன்னொரு தடவை போட்டுக் கழட்டறேன் சார், பொடியைத் தூவுங்க" என்கிறார். கண் மருத்துவர் அதற்குள் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார், நர்ஸ் அக்கா ஊதா டார்ச்சைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டுவிட்டார்.